டைனமோ வாருக்குப் போட்ட விளக்கெண்ணெய்

போடியில் எங்கள் முதலாளி ஒரு வெள்ளைக்காரரிடம் பழையதாக வாங்கிய டிராக்டரில் மூன்று நாளாக பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை. உழவு பாதியில் நின்றது. யார் கைபட்டுக் கெட்டதென்று தெரிந்தால் வேலை போகும் என்றார் முதலாளி. டிராக்டரையும் பார்த்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளையான நான் பதினோரு ஒயர்களையும் இரண்டு தடவை சோதித்தேன்.

கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கும் மாயாண்டி, டைனமோவைச் சுழற்றும் தோல்வாரைத் தொட்டுப் பார்த்தார்.

"வெளக்கெண்ணெ போட்டீகளாய்யா?"

"கமலைத் தோலுக்கு நீ போடலியா?"

"அது வளையணும்யா. இது பிடிக்கணும். வழுக்குனா டைனமோ எப்படிச் சுத்தும்?"

அவர் அடுப்புச் சாம்பலைப் போட்டு வாரைத் துடைத்தார். இன்ஜின் ஓடியதும் மீட்டர் முள் எழுந்தது.

"என்னடா கோளாறு?" என்றார் முதலாளி.

"வாரு தளந்துபோச்சுங்க," என்றார் மாயாண்டி.

அதன்பின் பன்னிரண்டு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். ஒரு தடவைகூட அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. கணக்குப்பிள்ளை நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.