இரண்டு ஆமையும் ஒரு சுறாவும்

என் மகன் வளைகுடாவிலிருந்து கார்கோவில் அனுப்பிய முப்பரிமாண டிவி வந்து சேர்ந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதி போயிற்று. அந்த ரகத்தை இப்போது எந்தக் கம்பெனியும் செய்வதில்லையாம். அங்கே யாரோ கழித்துப் போட்டதை வாங்கி, தூத்துக்குடியில் கிழவனும் கிழவியும் பார்க்கட்டும் என்று கட்டி அனுப்பியிருந்தான். அதற்குக் கண்ணாடி நான்கு. கண்ணாடிக்குச் சார்ஜ் வேறு போட வேண்டும்.

டிவிக்குப் பின்னாலேயே அவனும் விடுமுறையில் வந்தான். வந்த அன்றே, கொடுத்த காபி ஆறுவதற்குள், சொல்லிவிட்டான்: "ரெண்டு பேர்ல யாருக்காவது சொகமில்லன்னு தெரிஞ்சுது, வீட்டப் பூட்டிட்டு சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அங்கன பிளாட் சும்மாதான் கெடக்கு."

பதினோராவது மாடி பிளாட். நான் கட்டிய வீட்டைப் பூட்ட இவன் யார்?

எங்கள் பக்கம் வீட்டுக்குப் புதிதாக ஒரு சாமான் வந்தால் ஜெபம் பண்ணித்தான் புழங்குவோம். சபைக் குருவானவர் சபையார் இரண்டு பேரோடு வந்தார். ஜெபத்துக்கு முன்பே மகன் அவர் முகத்தில் கண்ணாடியை மாட்டிவிட்டான். அவர் அதோடேயே கண்ணை மூடி ஜெபித்தார். மற்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

படம் கடலுக்கடியில் எடுத்தது. ஒரு சுறா திரையை விட்டு வெளியே வந்து மூக்கில் இடிப்பது போல் இருக்குமாம். மீன் ஏலக்கூடம் நடக்கிற தூரத்தில் இருக்கும்போது சுறாவைப் பார்க்க இவ்வளவு கூத்து.

மூன்று கண்ணாடி விருந்தாளிகளுக்கு, ஒன்று வீட்டுக்காரி என்று என் மனைவிக்கு. எனக்குக் கிடையாது. வெறுங்கண்ணால் பார்த்தால் எல்லாம் இரண்டு இரண்டாகக் கலங்கித் தெரியும். அதனால் திரையை விட்டுவிட்டு ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவதுதான் வேலை. எண்ணாமல் உட்கார எனக்குத் தெரியாது.

சுறா வந்தது. மூன்று தலைகள் பின்னால் சாய்ந்தன. நான்காவது தலை, என் மனைவியுடையது, ஒரு கணம் பிந்திச் சாய்ந்தது.

மறுநாள் வேறு விருந்தாளிகள். அன்றும் மூன்று தலை, பிறகு ஒன்று. அவள் சுறாவைப் பார்த்துப் பயப்படவில்லை; பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பயப்படுகிறாள்.

அடுப்படியில் வைத்துக் கேட்டேன். "ஏளா, அந்த மீன் உனக்கு வெளிய வந்து தெரியுதா இல்லையா?"

"சாதா டிவி மாதிரிதான் தெரியுது. அதுக்கென்ன இப்ப?"

இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் மீன் வெளியே வரும் என்று மகன் சொல்லியிருந்தான். அவளுடைய வலது கண்ணைக் கையால் பொத்தினேன். எதிரே நின்ற என்னைத் தேடி அவள் கை காற்றில் துழாவியது. இடது கண்ணில் பார்வையே இல்லை. கிறிஸ்மஸுக்கு முன்பிருந்தே இப்படித்தானாம்.

"எங்கிட்டயாவது சொன்னா என்ன?"

"உங்ககிட்டயா? ஒரு மூட கொறஞ்சா கப்பலையே நிப்பாட்டுத ஆளு நீங்க. அவங்கிட்டச் சொல்லாம இருந்திருப்பியளா? அவன் போகட்டும், பொறவு டாக்டர்ட்ட போவோம்."

பொய்க் கணக்கில் நான் அதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. அன்று போட்டேன்.

படத்தில் ஆமை ஒன்று கடந்து போகும், உடனே சுறா வரும். ஆமை போனதும் கையை அழுத்துகிறேன், நீ சாய்ந்துவிடு என்று ஏற்பாடு. சாயங்காலம் பக்கத்து வீட்டு டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள். மகனும் கண்ணாடி மாட்டி உட்கார்ந்தான். நான் மனைவியை ஒட்டி அமர்ந்து, நான்கு பேர் பார்க்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆமை போனது. அழுத்தினேன். அவள் "ஆத்தாடி" என்று அருமையாகச் சாய்ந்தாள்.

சுறா வரவில்லை. இன்னொரு ஆமை நிதானமாக நீந்தி வந்தது. எல்லாமே எனக்கு இரட்டையாகத் தெரிந்ததால், உண்மையிலேயே இரண்டாக இருந்த ஆமைகளை நான் ஒன்று என்று எண்ணி வைத்திருந்தேன்.

"ஆமைக்குப் போயா பயந்தீங்க, அக்கா?" டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மகன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் கைகளைப் பார்த்தான். எழுந்து வந்து அவளுடைய இடது பக்கமாக விரலை ஆட்டினான். அவள் இமை அசையவில்லை.

"எப்பா, எத்தன நாளா?"

"ஏலே, கழிச்சுப் போட்ட டிவியக் கொண்டாந்து, ஊர் முன்னால ஒங்கம்மைக்குப் பரிச்சை வைக்கியா?" என்று கத்தினேன். டீச்சரும் கணவரும் செருப்பைத் தேடினார்கள்.

"பெட்டிய எடுத்து வைங்க," என்றான்.

"ஒரு கண்ணுதானல போச்சு? வீடு இருக்குல்லா? நா வரல," என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை.

கண் அழுத்த நோயில் இடது கண் போய்விட்டது, திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது. சொட்டு மருந்தைத் தவறாமல் விட்டால் காப்பாற்றலாம். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மகன் ஒரு நிபந்தனையின் பேரில்தான் இறங்கி வந்தான். காலையும் இரவும் மருந்து விடுவதை வீடியோ காலில் அவனுக்குக் காட்ட வேண்டும். ஒரு வேளை தவறினால் பதினோராவது மாடி.

இப்போது தினமும் ஒரு கையில் போன், ஒரு கையில் மருந்து. "எப்பா, அது கன்னத்துல விழுந்துட்டு, இன்னொண்ணு விடுங்க," என்று அங்கிருந்து சொல்லுகிறான். முப்பத்தொரு வருடம் துறைமுகமே என் எண்ணிக்கையை நம்பியது. இவன் நம்பமாட்டான்.

"ஆமைய எண்ணத் தெரியாதவருக்குக் கோவத்தப் பாரு," என்கிறாள் அவள், அண்ணாந்தபடியே.

இன்னொரு சொட்டு விடுகிறேன். போனைப் பார்த்து, "ரெண்டு," என்று சத்தமாக எண்ணிக் காட்டுகிறேன்.