ஆறு லீடர்கள்

நெல்லியாளம் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு பிரிவு. ஒன்று எனக்கு. இன்னொன்று இந்த ஜூனில் மாற்றலாகி வந்த டீச்சருக்கு. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். வந்த வாரமே பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, பிள்ளைகளை நான்கு நான்கு பேராக எதிரெதிரே உட்கார வைத்தாள். அன்றிலிருந்து தலைமையாசிரியைக்கு அவள் புராணம்தான். "அந்த கிளாஸை ஒருக்கா போய்ப் பாருங்க." பதினெட்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறேன், என் வகுப்பைப் போய்ப் பார்க்கும்படி ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வருகிறார், குழுவாகப் படிக்கும் வகுப்பு ஒன்றைக் காட்டவேண்டும் என்றார் தலைமையாசிரியை.

"நானே காட்டறேனுங்க" என்று முந்திக்கொண்டேன்.

எப்படிச் செய்வது என்று அவளிடம் கேட்க மனசு வரவில்லை. பெஞ்சைத் திருப்புவது பெரிய வித்தையா? நானும் திருப்பினேன். குழுவுக்கு ஒரு கெட்டிக்காரப் பிள்ளையை லீடராகப் போட்டேன்.

அதிகாரி உள்ளே வந்தபோது ஆறு லீடர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். "பேசாதே, சட்டுன்னு எழுது" என்று ஒரு லீடர் அதட்டினான்.

"நீ எழுதலையா தம்பி?" என்றார் அதிகாரி.

"நான் லீடருங்க சார். எங்கம்மா வேலை செய்யற எடத்துல கங்காணி கொழுந்து பறிக்க மாட்டாரு, பாத்துட்டுத்தான் நிப்பாரு."

அதிகாரி சிரித்தார். தலைமையாசிரியை சிரிக்கவில்லை, அவரைப் பக்கத்து வகுப்புக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னாலேயே போய் ஜன்னலோரம் நின்றேன்.

அங்கே லீடரே இல்லை. பாடத்தை நான்காகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி கொடுத்திருந்தாள். ஒவ்வொருவரும் தான் படித்ததை மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் பாடம் அரைகுறைதான். ஒரு சிறுமி சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டாள். அப்படியே நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளை தோற்கவேண்டும் என்று வேண்டிய டீச்சர் நான்.

மற்ற மூவரும் அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்கள். "மழைத்தண்ணி மண்ணுக்குள்ள போச்சு, அப்பறம்?" என்றாள் ஒருத்தி. அவ்வளவுதான், அந்தச் சிறுமி மடமடவென்று சொல்லி முடித்தாள். அதிகாரி கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

போன வருஷம் நான் நாலாம் வகுப்பு எடுத்தபோது அந்தச் சிறுமி என்னிடம்தான் படித்தாள். அவள் குரலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.