பீரங்கிக்காரர் கஜபதியின் வலது காது

"இந்தப் பக்கமா வா நைனா, அந்தப் பக்கம் லைன் கட் ஆயிடிச்சி" என்று வலது காதைத் தட்டிக் காட்டுகிறார் கஜபதி. கே.ஜி.கண்டிகை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அவருடைய டீக்கடை. பழகியவர்கள் இடது பக்கமாகவே வந்து நிற்பார்கள். புதியவர்கள் வலது பக்கம் நின்று கூவிப் பார்த்துவிட்டு, எவ்வளவு திமிர் இந்த ஆளுக்கு என்று முறைப்பார்கள்.

ராணுவத்தில் பீரங்கிப் படை, ஹவில்தாராக ஓய்வு. டீ ஆற்றும்போதும் முதுகு வளையாது. பேச்சு எப்போதும் உரக்கத்தான். அவர் ரகசியம் சொன்னால் திருத்தணி மலை வரைக்கும் கேட்கும் என்பாள் மனைவி சுதா.

ஊர் திரும்பியபோது பணிக்கான பென்ஷன் வந்தது. காதுக்கான ஊன பென்ஷன் வரவில்லை. பரம்பரைக் குறையாக இருக்கலாம் என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. "வர்றது போதும், வுடுய்யா" என்றார்கள் ஊரில். கஜபதி விடவில்லை.

"காசு ரெண்டாவதுங்க. பீரங்கி பண்ணதக் கொண்டாந்து எங்க நைனா தலையில கட்டுவாங்களா? அவரு காது எப்பேர்ப்பட்ட காது!"

அப்பீல் போட்டார். மறுபரிசோதனைக்கு அழைப்பு வந்ததும், எண்பதைத் தாண்டிய அப்பா பெருமாளையும் கூட்டிக்கொண்டு ராணுவ மருத்துவமனைக்கு ரயிலேறினார். கரும்பு விவசாயியான பெரியவரை உள்ளே விடாமல் வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே டாக்டர் தன் உதவியாளரிடம் வாய்க்குள்ளேயே, "இவங்க அப்பாவுக்கும் இப்படித்தான் இருக்குமோ?" என்றார். அருகில் நின்ற கஜபதிக்கு அது விழவில்லை. பாதி சாத்திய கதவுக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

"எனக்கு நல்லா கேக்குது சாமி. பட்டாளத்துக்குப் போற வரைக்கும் இவனுக்கும் நல்லாத்தான் கேட்டுகினு இருந்திச்சி."

டாக்டர் எழுந்துபோய்ப் பெரியவரைக் கைபிடித்து அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு கஜபதியின் காதைப் பொறுமையாகச் சோதித்தார். எந்தப் பீரங்கி, எவ்வளவு பக்கத்தில் நிற்பீர்கள் என்று அன்றைக்குத்தான் ஒருவர் கேட்டார்.

கோடையில் உத்தரவு வந்தது: ராணுவப் பணியால் நேர்ந்த குறை. அந்த வரியைக் கஜபதி தெருவுக்கே கேட்கும்படி அப்பாவிடம் படித்துக் காட்டினார்.

"ஏன்டா கத்தற? எனக்குத்தான் கேக்குதே" என்றார் பெருமாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

சேதி பரவி, மணவூர், அரக்கோணம் பக்கத்துப் பழைய சிப்பாய்கள் கஜபதியைத் தேடி வர ஆரம்பித்தார்கள். "நம்ம உடம்பு, நம்ம கணக்கு. கேக்காம வுடக்கூடாது" என்று டீயோடு சேர்த்துச் சொல்லி அனுப்புவார்.

போன வாரம், காலை பஸ் நேரம். கடை நிறையக் கூட்டம். அரக்கோணத்திலிருந்து தன்வீர் வந்தார். பாராசூட்டில் குதித்துக் குதித்தே முட்டி தேய்ந்த மனிதர். மற்றவர்கள் காதில் விழக் கூடாதென்று குனிந்து, "எனக்கும் இல்லன்னுட்டாங்கண்ணே" என்றார். அடுப்பின் இரைச்சலில் அது கரைந்துபோயிற்று. கஜபதி அவர் முகத்தைப் பார்த்தார்.

"மாஸ்டர், ரெண்டு டீ! பஸ் வந்துகினு இருக்குது!" என்று யாரோ அவசரப்படுத்தினார்கள்.

கஜபதி கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.