கரண்ட் பார்த்துக் குடித்த தண்ணீர்

துணி காய வைக்கிற அந்த மிஷின் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு மினி வேனில் நின்றுகொண்டே கடலூர் வந்து சேர்ந்தது. படுக்க வைத்தால் கெட்டுவிடும் என்று விற்றவர் மூன்று தடவை சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அப்பா படுத்த படுக்கை, நான் நின்றுகொண்டே தூங்குகிறவன். ஒழுங்காக நின்றது அது ஒன்றுதான்.

விற்றவர் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு ஊர் திரும்பியவர். கப்பலில் வந்த சாமான்களோடு இதுவும் வந்திருக்கிறது. மொட்டை மாடி இருக்கும்போது இது எதற்கு என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். "புகைக்குழாய் வேணாம், செவுத்துல ஓட்டை போட வேணாம் தம்பி. ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்குற மாதிரி கம்ப்ரஸர் இருக்கு. துணியில உள்ள ஈரத்தையெல்லாம் தண்ணியாக்கி ஒரு டப்பாவுல புடிச்சி வெச்சிரும்" என்றார். அக்கா வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்துவிட்டார். துவைக்கிற மிஷினே இல்லாத வீட்டில் காய வைக்கிற மிஷின் வந்து இறங்கியதைத் தெருவே நின்று பார்த்தது.

அது 2012. அந்த ஆடியில்தான் அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. பேச்சு மட்டும் தப்பித்தது. அம்மா போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. நான் ஒன்பதாவதோடு நின்றவன், மஞ்சக்குப்பத்தில் செல்போன் கடையில் வேலை. அதைச் சாயங்காலம் மட்டும் என்று குறைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு ஒண்ணுக்கு வருவது கடைசி நொடியில்தான் தெரியும். நான் பாத்திரத்தை எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கடையில் விற்கிற பெரியவர்கள் டயப்பரைக் கட்டிவிட்டால் நல்ல கையாலேயே பிய்த்துப் போட்டுவிடுவார்.

முதலில் ஒண்ணுக்குப் போக ட்யூப் போட்டிருந்தார்கள். அதில் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். ட்யூபை எடுத்துவிட்டு அனுப்பும்போது அங்கிருந்த டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு நாளைக்கு பத்து டம்ளர் தண்ணி உள்ள போவணும். போவலன்னா மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் ட்யூப்தான்."

வண்டியில் வரும்போது அப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "எது வேணா பண்ணு. அந்த ட்யூப் மட்டும் வேணாம்டா."

"அப்ப தண்ணி குடி."

"குடிக்கிறேன்."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் கடல் காற்றுக்கு உப்பே கரையும், பெட்ஷீட் எங்கே காயும்? ஹாலில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, குனிந்து குனிந்து நடந்து, முதுகு போய்விட்டது. அதைப் பார்த்துத்தான் அக்கா வீட்டுக்காரர் மிஷினை வாங்கினார்.

பெரிய ப்ளக் ஹாலில்தான் இருந்தது. அதனால் அது அப்பாவின் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தது. கையால் பிழிந்த பெட்ஷீட் இரண்டு போட்டால் மூன்றரை மணி நேரம் முனகும். பாதியில் நிறுத்திப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகச் சுருண்டு கொழுக்கட்டை மாதிரி இருக்கும். மேலே சூடு, நடுவில் சொதசொத. உதறிப் போட்டு மறுபடியும் ஓட்ட வேண்டும். வலையில் ஒட்டிய பஞ்சை வழித்தெடுக்க வேண்டும். டப்பாவில் தண்ணீர் நிரம்பிவிட்டால் கீச்சுக் கீச்சென்று கத்தும்.

"பாத்தியாப்பா? டேங்க் ரொம்பனா அது சத்தம் குடுக்குது. நீ கட்டில் நனைஞ்சப்புறம் சொல்ற."

"அது வெளிநாட்டு சரக்குடா. நான் லோக்கல்."

அப்படியே ஓட்டிக்கொண்டிருந்திருக்கலாம். கரண்ட் விடவில்லை. அந்த வருஷம் கரண்ட் இருந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். சில நாள் போனது போனதுதான். மிஷினுக்கோ ஞாபகம் கிடையாது. கரண்ட் வந்ததும் நான் ஓடிப்போய்ப் பட்டனை அமுக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டு பெட்ஷீட் காய ஒரு பகல் ஆனது. அந்தப் பகல் முழுக்க நான் அதற்குக் காவல்.

அப்போதுதான் கவனித்தேன். தலைமாட்டில் வைத்த டம்ளர் வைத்தபடியே இருந்தது. எடுத்துக் கொடுத்தால், "மணி என்ன?" என்று கேட்பார். ஒன்பது என்றால், "அப்புறம் குடிக்கிறேன்" என்பார். டிவி ஞாபகத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் கடைக்குக் கிளம்பி, குடையை மறந்து திரும்பி வந்தபோது வாசலில் நின்று கேட்டேன். பக்கத்து வீட்டு மாமா அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார். அவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர்.

"தண்ணி வேணுமா மச்சான்?"

"கரண்ட் வரட்டும். இப்ப குடிச்சா ஒரு மணி நேரத்துல நனைஞ்சிரும். மிஷின் ஓடாது. காஞ்ச பெட்ஷீட்டு ஒண்ணுதான் இருக்கு. பையன் தூங்கியே பத்து நாளாவுது."

கரண்ட் பார்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் மனுஷன். கணக்குப் போட்டால் நாளைக்கு மூன்று டம்ளர்கூட வராது. மறுநாள் கத்தினேன். "ட்யூப் வேணாம்னு அழுதது யாரு? நானா?" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கிண்டல் செய்தேன், கெஞ்சினேன். இரண்டு மடக்கு குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். சாயங்காலம் உடம்பு லேசாகச் சுட்டது.

காப்பாற்றியது பக்கத்து வீட்டு மாமாதான், அவருக்கே தெரியாமல். மிஷின் டப்பாத் தண்ணீரை நான் சாக்கடையில் ஊற்றுவதைப் பார்த்தவர், "டேய் டேய், கீழ ஊத்தாத. ஏசி தண்ணி மாதிரிதான் இதுவும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தலாம்" என்று பாட்டில் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதை வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றுவார். அது தப்பு, உள்ளே பஞ்சும் சோப்பும் வரும் என்று பேட்டரிக்காரன் பிறகு அவரைத் திட்டினான். அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

காய்ச்சல் கண்ட மறுநாள் காலையில் பாட்டிலோடு வந்து நின்றார். "என்னாடா, ரெண்டு நாளா தண்ணியே இல்ல?"

"சரக்கு வரத்து கம்மி மாமா" என்று அனுப்பிவிட்டு, அப்பாவிடம் திரும்பினேன். "கேட்டியா? நீ குடிக்கல, நனைக்கல, நான் துவைக்கல. இப்ப அவரு வீட்டு ஃபேன் நிக்கப் போவுது."

அப்பா என்னையே பார்த்தார். "அந்தத் தண்ணியதான் பேட்டரியில ஊத்துறாரா?"

"பின்ன?"

பத்து வருஷத்துக்கு முன் அந்த மாமா மதில் கட்டும்போது எங்கள் பக்கம் அரையடி தள்ளிக் கட்டிவிட்டார் என்பது அப்பாவின் தீராத வழக்கு. தினமும் துணைக்கு வந்து உட்கார்கிறவர் என்பதெல்லாம் வேறு, அரையடி வேறு. பெட்ஷீட்டைத் துவைத்து அலசித்தான் போடுகிறேன் என்பது அப்பாவுக்கும் தெரியும். இருந்தாலும் அவர் வாயின் நல்ல பக்கம் மெல்ல மேலே ஏறியது. உடம்பு குலுங்கியது. ஆடிக்குப் பிறகு அப்பா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"குடு" என்றார். கரண்ட் இல்லாத நேரம் அது. முழு டம்ளரையும் குடித்தார். "இது அந்த அரையடிக்கு."

அதற்கப்புறம் மதில் பேரைச் சொல்லி ஒன்று, அவர் வீட்டு முருங்கை மரம் எங்கள் ஓட்டில் சாய்ந்ததற்கு ஒன்று என்று குடித்தார். மாமா சாயங்காலம் வந்து, "மச்சான் இப்ப தெளிவா இருக்காரே" என்றால், "எல்லாம் ஒன் புண்ணியம்" என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சூடு இறங்கியது. கார்த்திகையில் சிதம்பரம் போனபோது டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ட்யூப் தேவையில்ல, இப்படியே குடிக்கட்டும்" என்றார்.

இப்படியே என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. வீட்டில் இருந்ததே ஆறு பெட்ஷீட். ஆறையும் மாற்றி மாற்றித் துவைத்து, பிழிந்து, கரண்டுக்குக் காத்திருந்து, உதறி, மறுபடியும் போட்டு. உள்ளங்கை தோல் வெளுத்துச் சுருங்கியே கிடந்தது. கடையில் ரீசார்ஜ் நம்பரைத் தப்பாகப் போட்டு இரண்டு தடவை திட்டு வாங்கினேன்.

சிதம்பரம் போய் வந்த மறுநாள் பகல் பதினொரு மணி. வெளியே மழை, உள்ளே கரண்ட் இல்லை. மிஷினுக்குள் இரண்டு பெட்ஷீட் பாதி ஈரத்தில் நின்றிருந்தன. வாளியில் மூன்று. காய்ந்தது ஒன்றே ஒன்று, அது அப்பாவுக்குக் கீழே இருந்தது. நான் மிஷினில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தேன்.

"டேய், தாகமா இருக்கு. ஒரு டம்ளர் ஊத்து."

கேட்காத மாதிரி இருந்தேன். தூங்குகிறவன் மாதிரி மூச்சை இழுத்து விட்டேன். குடி குடி என்று கத்தியவன் நான்தான். இப்போது ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன என்றுதான் மனசு சொன்னது.

அப்பா மறுபடியும் கூப்பிடவில்லை. கண்ணைத் திறந்தேன். நல்ல கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, நின்றுபோன ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்துபோய் ஊற்றினேன். வாங்கியவர் குடிக்காமல் டம்ளரையே பார்த்தார்.

"கரண்ட் வந்ததும் குடிக்கவா?"

"வேணாம்பா. இப்பவே குடி" என்றேன். அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.