வியாழக்கிழமை மௌனம்

பாலிகஞ்சில் மின்விசிறிக் கடை வைத்திருந்த அந்தத் தமிழரைப் பிடிக்காதவர்கள் இல்லை. நெற்றியில் விபூதி, வெள்ளைச் சட்டை, தாழ்ந்த குரல். மனைவிக்குப் பூ வாங்காமல் வீட்டுக்குப் போகமாட்டார். வியாழக்கிழமைகளில் மட்டும் மௌன விரதம். கடைக்கு வந்து கல்லாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அவரிடம் வேலை பார்த்த நான்தான் வியாபாரத்தைக் கவனிப்பேன்.

தொண்ணூறுகளில் ஒரு வியாழக்கிழமை, டாக்குரியாவில் இருந்த அவர் வீட்டிலிருந்து மாமி ஃபோன் செய்தார். “நெஞ்சு வலிக்கறது. அவர்கிட்ட குடுங்கோ.”

ரிசீவரை அவர் காதில் வைத்தேன். “ஏன்னா, பயமா இருக்கு. ஒரு வார்த்தை பேசுங்கோ” என்று மாமி அழுவது எனக்கே கேட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. என்னைப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நான்தான் டாக்சி பிடித்து மாமியை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

மறுநாள் காலை அவர் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாமிக்கு இட்லி ஊட்டினார்.

“நேத்து நான் அழுதப்போ உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?” என்று மாமி கேட்டார்.

“தோணலை. மனசு துளிகூட அசையலை. இத்தனை வருஷம் கழிச்சு நேத்துதான் அது எனக்குக் கைகூடித்து” என்றார். சந்தோஷத்தில் அவர் கண் கலங்கியிருந்தது.

 மாமி அடுத்த வாய்க்கு வாயைத் திறந்தார்.

சில வருஷம் கழித்து அவர் காலமானபோது, அவரைப் போல அன்பான மனிதர் உண்டா என்று எல்லோரும் பேசினார்கள். நானும் அப்படித்தான் பேசினேன். பொய் சொன்னதாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.