மூன்றாவது கார்னர்

ஹாக்கியில் பந்தைக் கையால் தொடலாமா என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வருகிறது. தொடலாம் என்று ஒரு காலம் இருந்தது. தொடுவதற்கென்றே ஒரு ஆள் இருந்தான். கோவில்பட்டியில் எங்கள் கிளப்பில் அந்த ஆள் நான்தான்.

பெனால்டி கார்னர் கிடைத்தால் கோல் கோட்டிலிருந்து ஒருவன் பந்தைத் தள்ளிவிடுவான். கோலுக்கு முன்னால் போட்டிருக்கும் டி வளைவின் விளிம்பில் ஒருவன் குனிந்து அதைக் கையால் அமுக்கி நிறுத்த வேண்டும். பந்து அசையாமல் நின்ற பிறகுதான் இன்னொருவன் ஓடிவந்து கோலை நோக்கி அடிக்கலாம். அதற்குள் எதிரணியில் ஆறு பேர் மட்டையைத் தூக்கிக்கொண்டு நம்மேல் பாய்ந்து வருவார்கள். மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலை. மறுநாள் பேப்பர் மூலையில் நாலு வரி வந்தால் அதில் அடித்தவன் பெயர் மட்டும் இருக்கும். எழுபதுகளில் ஆறேழு வருஷம் நான் நிறுத்தினேன், அவன் அடித்தான். அவன் என்றால் எங்கள் சென்டர் பார்வர்டு. ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

எனக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான் பக்கம். பள்ளிக்கூடத்துக்காகக் கோவில்பட்டியில் சித்தப்பா வீட்டில் வந்து தங்கினேன். எப்போதும்வென்றானிலிருந்து வந்தவன் எப்போதும் தோற்கிறானே என்று கிளப்பில் என்னைக் கிண்டல் செய்யாத ஆள் கிடையாது. நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்போது சிரிக்க முடிந்தது.

எங்கள் மைதானம் கரிசல் மண்ணின் மேல் லாரி லாரியாகச் சரள் கொட்டி அமுக்கியது. மழை பெய்தால் அடியிலிருந்து கரிசல் பொங்கி மேலே வரும், வெயில் காய்ந்தால் ஓரங்களில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். காலை ஐந்தரைக்கு நாங்களே தண்ணீர் தெளித்து, நாங்களே பெருக்கி, சுண்ணாம்புக் கோடு போடுவோம். டி விளிம்பில் நான் குனிகிற இடத்தை மட்டும் வேறு யாரையும் பெருக்க விட மாட்டேன். ஒரு பாய் அகலத்துக்கு உட்கார்ந்து கையால் தடவித் தடவிக் கல் பொறுக்குவேன். பொறுக்காவிட்டால் பந்து துள்ளும், துள்ளினால் என் விரல் போகும்.

அப்படியும் இரண்டு தடவை போனது. வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும். கழுகுமலைப் பாதையில் ஒரு வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவும் உளுந்த மாவும் குழைத்துப் பூசி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். முதல் தடவை நிமிர்ந்த விரல்கள் இரண்டாவது தடவை நிமிரவில்லை. சோறு பிசையும்போது அந்த இரண்டும் தனியாக நிற்கும். சித்தி பார்த்துவிட்டு, இந்தக் கையை வைத்துக்கொண்டு நாளைக்கு ஒரு பெண்ணை எப்படிக் கைப்பிடிப்பாய் என்று கேட்டாள்.

இவ்வளவும் எதற்கு? வேலைக்குத்தான். விளையாட்டின் மேல் ஆசை என்று மேடையில் பேசுகிறவர்கள் பேசட்டும். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையைத் தொட்ட ஒவ்வொருவன் மனதிலும் ரயில்வே, போலீஸ், மின்சாரம், பேங்க் என்று ஒரு வேலை உட்கார்ந்திருந்தது. மே மாதப் போட்டிக்கு வெளியூர் அணிகள் வரும். அவற்றின் கோச்சுகள் கூரைக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து ஆள் பார்ப்பார்கள். எங்களுக்கு முந்தின செட்டில் நாலு பேர் அப்படித்தான் போனார்கள். என் அப்பா அந்த வருஷம் முடிவாகச் சொல்லிவிட்டார். மழை இரண்டு வருஷமாகப் பொய்த்துவிட்டது. பருத்தி விதைத்த காட்டில் விதையே திரும்பவில்லை. இந்த மே மாதத்தோடு வேலை கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் மட்டையை மூலையில் போட்டுவிட்டு ஊருக்கு வந்து சேர வேண்டும் என்றார். எனக்கு இருபத்து மூன்று முடிந்திருந்தது. அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை.

அந்த மே மாதம் மெட்ராஸிலிருந்து ஒரு அரசுத் துறை அணியின் கோச் வந்திருந்தார். முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவருக்கு இடம் இருக்கிறது என்று செய்தி வந்தது. நான் ரைட் இன், அவன் சென்டர். இரண்டு பேருமே முன்வரிசை. இடம் ஒன்று.

எங்கள் கிளப் செக்ரட்டரி ஒரு பாய். பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். உடைந்த மட்டைக்குப் பசை தடவி நூல் சுற்றித் தருவதும் அவரேதான். நியாயம் தெரிந்த மனிதர். அரையிறுதி ஆட்டத்தன்று காலையில் எங்கள் இரண்டு பேரையும் கடைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சக்கரத்தைச் சுற்றிக் கோணல் பார்த்துக்கொண்டே அவனிடம் சொன்னார்.

"மொத ரெண்டு கார்னரையும் நீ அடி. மூணாவது வந்தா அவன் அடிக்கட்டும், நீ நிப்பாட்டு. வந்திருக்கவிய ரெண்டு பேரையும் பாக்கட்டும்."

அவன் உடனே சரி பாய் என்றான். முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. பாய் முன்பே கோடி காட்டியிருந்ததால் அதற்கு முந்தின பதினைந்து நாளும் மாற்றி மாற்றிப் பழகியிருந்தோம். பத்துக்கு எட்டுப் பந்தை அவன் சுத்தமாக நிறுத்தினான். அடிப்பது எனக்கும் வந்தது. இடது மூலையில் தாழ்வாக, கோல் பலகை அதிர அடிப்பேன். அதை இங்கே நான் சொல்லாவிட்டால் சொல்ல வேறு யாரும் இல்லை.

சாயங்காலம் ஆட்டம். மரப்பலகை கேலரி நிறைந்து கொட்டகைக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். முதல் கார்னரில் நான் நிறுத்த அவன் அடித்துக் கோல். இரண்டாவதைக் கோல்கீப்பர் காலில் வாங்கிக்கொண்டான். இடையில் அவர்களும் ஒன்று போட்டுவிட, ஆளுக்கு ஒரு கோல் என்று நின்றது. முடிய ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போது மூன்றாவது கார்னர் கிடைத்தது.

நான் அடிக்கிற இடத்தில் போய் நின்றேன். அவன் என் முன்னால் குனிந்து கையைத் தரையில் வைத்தான். பந்து தள்ளப்பட்டது. நேராக, நல்ல வேகத்தில், என் கைக்கு ஆயிரம் தடவை வந்த அதே கோட்டில் வந்தது. அவன் கை தரையிலிருந்து எழுந்தது. பந்து அவனைத் தாண்டி என்னிடம் வந்துவிட்டது.

மட்டையை வைத்து நிறுத்தியிருக்கலாம். மட்டையால் நிறுத்தி, அதே மட்டையால் நானே அடித்திருக்கலாம். யோசித்தால் யாருக்கும் தெரியும். ஆனால் நான் யோசிக்கவில்லை. என் கை இறங்கிவிட்டது. ஆறேழு வருஷம் காலையும் மாலையும் செய்த வேலையை அது செய்தது. பந்து என் உள்ளங்கைக்குக் கீழே செத்தது மாதிரி நின்றது. நான் குனிந்திருக்கிறேன், அவன் நிமிர்ந்து பக்கவாட்டில் வந்து நிற்கிறான். அடித்தான். கோல் பலகை அதிர்ந்த சத்தம் என் தலைக்குள் கேட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஓடினவர்களில் நானும் உண்டு. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். ஆட்டம் முடிந்ததும் கோச் கொட்டகையிலிருந்து இறங்கி வந்து அவனைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பும்போது என் தோளைத் தட்டி, உனக்கு நல்ல கை தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏலே, மட்டைய வைக்காம கைய ஏம்லே வச்ச?"

கல்லில் பட்டுப் பந்து துள்ளிவிட்டது, விரல் போய்விடும் என்று கையை எடுத்துவிட்டேன் என அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் நம்பினார்கள். நான் மறுநாள் காலையில் தனியாகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். ஒரு பாய் அகலத்துக்கு ஒரு பொடிக்கல் கிடையாது. எப்படி இருக்கும்? ஆட்டத்துக்கு முன்னால் பொறுக்கியவன் நான்தானே.

ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சிநேகிதன் மேல் பழி போடுகிறான், பொறாமை என்பார்கள். ஆவணியில் அவனுக்கு வேலை உத்தரவு வந்தது. கிளப்பே ஸ்டேஷனுக்குப் போய் மாலை போட்டு வழியனுப்பியது. அவனுடைய டிரங்குப் பெட்டியின் ஒரு பிடியை நான்தான் பிடித்துத் தூக்கினேன். பெட்டி கனமாக இருந்தது.

நான் ஊருக்குப் போய் ஒரு வருஷம் அப்பாவோடு காட்டில் நின்று பார்த்தேன். மழை வரவில்லை. மறுபடியும் கோவில்பட்டிக்கு வந்து ஒரு தீப்பெட்டி ஆபீசில் லாரிக்குப் பண்டல் ஏற்றுவதை மேற்பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். சாயங்காலம் கிளப்புக்குப் போவதை விடவில்லை. வேறு எங்கே போவது? புது சென்டர் பார்வர்டுகள் வந்தார்கள். அவர்களுக்கும் நிறுத்தினேன். அப்புறம் எண்பதுகளின் தொடக்கத்தில் சட்டமே மாறிவிட்டது. இனி கையால் நிறுத்தக் கூடாதாம், மட்டையால்தான் நிறுத்த வேண்டுமாம். பாய் பேப்பரைப் படித்துவிட்டு மடித்து என்னிடம் நீட்டினார். அன்றோடு என்னை அணியில் சேர்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமல் போனது.

அதற்கடுத்த மே மாதம் துறை அணியோடு அவன் கோவில்பட்டிக்கு ஆட வந்தான். சதை போட்டிருந்தான். கையில் தங்கக் கடிகாரம். காலையில் சைக்கிள் கடைக்கு வந்து பாயைக் கும்பிட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நிமிராத இரண்டு விரலும் அவன் உள்ளங்கையில் இடித்திருக்க வேண்டும், குனிந்து பார்த்தான். பாய் டீ சொல்லக் கடையை விட்டு இறங்கினார். இத்தனை வருஷம் தொண்டையில் நின்றதை அப்போது கேட்டுவிட்டேன். அன்றைக்கு வேண்டுமென்றேதான் கையை எடுத்தாயா என்று கேட்டேன்.

அவன் மழுப்பவில்லை. என் கையை விடவும் இல்லை.

"ஆமா மாப்ள. பின்னால நீதான நிக்க. உன் கையத் தாண்டி ஒரு பந்து போயிருமா? அந்தத் தைரியத்துலதான் எடுத்தேன்."

புகழ்ச்சியாகவே சொன்னான். கண் கூடக் கலங்கியிருந்தது. அவன் முகத்தில் ஓங்கி ஒன்று விட்டிருக்க வேண்டும். கையை உதறிவிட்டுக் கடையை விட்டு இறங்கியிருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. உன் கையைத் தாண்டி ஒரு பந்து போகுமா என்று அவன் சொன்னதும் ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாக இருந்தது. பாய் கொண்டுவந்த டீயை அவனோடு உட்கார்ந்து குடித்தேன். அவன் செய்ததைக் கூட மன்னித்துவிடலாம் போலிருக்கிறது, அந்த ஒரு நிமிஷத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாயங்காலம் கேலரியில் உட்கார்ந்து அவன் ஆட்டத்தைப் பார்த்தேன். அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. யாரோ ஒருவன் மட்டையைத் தரையோடு படுக்கவைத்து நிறுத்தக் காத்திருந்தான், என் சிநேகிதன் அடிக்கப் பின்னால் நின்றான். பந்து தள்ளப்பட்டது. எனக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். நான் மட்டும் குனிந்திருந்தேன். என் வலது கை காலடிப் பலகையை அமுக்கிக்கொண்டிருந்தது.