ஆரணி வரிசையில் ஓர் இடம்

ஆரணி அரசு ஆஸ்பத்திரிக்குள் எச்.ஐ.வி. மருந்து தரும் மையத்தில் நான் ஆலோசகராக இருந்தேன். எங்கள் வேலையில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரணிக்காரர்கள் மாத்திரை வாங்க வேலூர் போவார்கள். வேலூர்க்காரர்கள் எங்களிடம் வருவார்கள். எல்லா நோய்க்கும் மாத்திரை வாங்க ஒரே வரிசைதான்; அதில் சொந்த ஊர்க்காரர் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது.

ஒருநாள் வேலூர் மையத்திலிருந்து போன் வந்தது. உங்கள் ஊர் மாலதி, கல்லூரி முதல் வருடம், மாத்திரை வாங்க வருவதே இல்லை, ரத்தத்தில் கிருமியின் அளவு, அதாவது வைரல் லோடு, ஏறிவிட்டது என்றார்கள். தாயிடமிருந்து கிருமியோடு பிறந்த பெண். பெற்றோர் இருவரும் இல்லை. பட்டு நெய்யும் சித்தி வளர்க்கிறாள். சிறு வயதில் ஒழுங்காக மருந்து சாப்பிட்ட பிள்ளைகள் வளர்ந்தபின் விட்டுவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. அப்படித்தான் பலரைப் பறிகொடுக்கிறோம். இவளை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சித்தி மையத்துக்கு வர மறுத்தாள். நான் வீட்டுக்கும் வரக்கூடாதாம். கடைசியில் பாதி வழியில், கண்ணமங்கலம் பஸ் ஸ்டாப்பில் இருவரையும் சந்தித்தேன். வேலூர் போய்வந்தால் ஒரு நாள் போகிறது, அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சை எழுத முடியாமல் போய்விடும் என்றாள் மாலதி. ஆரணிக்கே மாற்றிக்கொள்ளலாமே என்றேன். சித்தியின் முகம் மாறிவிட்டது.

"ஆஸ்பத்திரி வரிசையில நிக்கறதெல்லாம் எங்க தெரு ஜனங்கதாங்க. தெரிஞ்சா இவள யாருங்க கட்டிக்குவாங்க?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாலதி பேசினாள்.

"எங்கம்மா எப்படிப் படுத்துகினு இருந்தாங்கன்னு தெருவே பாத்துது சித்தி. நானும் அப்படிப் படுத்தா மட்டும் தெரியாதா? மேடம், நான் ஆரணியிலயே வாங்கிக்கறேன்."

மாற்றினோம். முதல் நாளே பக்கத்து வீட்டு அக்கா வரிசையில் பார்த்துவிட்டு, என்ன இங்கே என்றாள். மாத்திரை வாங்க வந்தேன் என்றாள் மாலதி. அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரகசியம் காப்பது நம் கடமை. ஆனால் அந்த ரகசியத்துக்காகவே ஒரு பிள்ளையின் மருந்து நின்றுபோனால், ஏதாவது வழி கண்டுபிடிக்காமல் தூங்காதீர்கள்.

பரீட்சை மாதத்தில், மாத்திரை வாங்க வேண்டிய நாளில் மாலதியைக் காணவில்லை. பதறிப்போய் வெளியே வந்து பார்த்தேன். வரிசையில், தெருக்காரர்களுக்கு நடுவில் சித்தி நின்றிருந்தாள்.

"பரீட்ச முடிச்சிட்டு வந்துகினு இருக்கா மேடம். அதுவரைக்கும் எடம் புடிச்சிகினு நிக்கறேன்."